சம்பந்தியின் குதிகால் முள்

“மூக்கு எங்க வூட்டு மூக்குதாங்க. அதுல சந்தேகமே வேணாம். எங்க அப்பாவை அப்படியே உரிச்சி வச்சிருக்குது.”

இன்று காலை போளூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னிடம் கேட்டது, “எங்க எறங்கணும்?” என்பது மட்டும்தான்.

பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் என் பதிலில் அவள் மூக்கு வந்துவிடுகிறது. ரேஷன் கடையில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள், மூக்கைப் பற்றிச் சொன்னேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடமும் சொன்னேன். “கொழந்தைக்கு மூக்கே இப்பதான் மொளைக்குது, அதுக்குள்ள இந்த ஆளு பட்டா வாங்கிட்டாரு” என்று என் மனைவி சுந்தரம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் துரைக்கண்ணு. என் மருமகள் அன்பரசியின் அப்பா, என் சம்பந்தி. அந்த மூக்கில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு. ஆனாலும் நான் மூக்குக்கு உரிமை கொண்டாடும்போதெல்லாம் இந்த ஐந்து மாதமும் அவர் சொன்னது ஒன்றுதான்: “ஆமாங்க சம்மந்தி.”

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த ‘ஆமாங்க’ ஒரு தடவை அவர் உயிரையே கொண்டுபோகப் பார்த்தது. அதற்கு வழிகாட்டியவன் நான்.

துரைக்கண்ணுவின் ஊர் இதே ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு இரண்டு மேடு தாண்டி இருக்கிறது. சாமை விளைந்தது வாய்க்குப் பற்றாத ஒரு வருஷம், இருபது வயதில், மேற்கே ஆலங்காயம் வழியாக இறங்கி வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பதினாலு வருஷம் சாயம் போடும் இடத்தில் நின்றார். கல்யாணத்தன்றுகூட அவர் கை முழங்கை வரைக்கும் பழுப்பாக இருந்ததாம். மாப்பிள்ளைக்கு யார் மருதாணி வைத்தது என்று பெண்கள் கேலி பண்ணியிருக்கிறார்கள்.

அங்கே ஃபரூக் என்று ஒரு மேஸ்திரி. ஒரு நாள் கறுப்பு ஏற வேண்டிய தோலில் பழுப்பு ஏறிவிட்டது.

“நீதானே மாத்திக் கொட்டின?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆமாங்க பாய்.”

தப்பு தன்னுடையது என்று மூன்றாம் நாள் மேஸ்திரிக்கே தெரிந்தது. பிரியாணிப் பொட்டலத்தோடு தேடி வந்தார். “ஏன்யா ஆமான்னு சொன்ன?”

“நீங்க அவ்ளோ நம்பிக்கையா கேட்டீங்க பாய். இல்லன்னு சொல்ல மனசு வரல.”

இதுதான் துரைக்கண்ணு. பிறகு மலைக்குத் திரும்பினார், கொஞ்சம் நிலம், நாலு ஆடு, ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். ஒரே மகள். அந்த மகளை என் மகன் அருள்மணிக்குக் கொடுத்த நாளிலிருந்து அவர் இன்னும் மோசமாகிவிட்டார். எங்கள் பக்கம் பெண் கொடுத்தவர்கள், பையன் வீட்டாரை நாலு பேர் எதிரில் மறுத்துப் பேச மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் “சாம்பார்ல உப்பு கம்மி” என்றேன். உப்புக் கரித்த அந்தச் சாம்பாரைக் குடித்துக்கொண்டே, “ஆமாங்க, கம்மிதான்” என்றார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். ஆனால் ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் முதலில் திறப்பது என் வாய்தான். பல்வலிக்கு மருந்து சொல்வேன், மாட்டுக் கழிச்சலுக்கும் சொல்வேன், சில சமயம் இரண்டுக்கும் ஒரே மருந்தைச் சொல்வேன்.

போன மாசியில் துரைக்கண்ணு என்னைத் தேடி வந்தார். ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், மெதுவாக, “ஒரு விசயம் சம்மந்தி, சொல்ல வெக்கமா கீது. ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது” என்றார்.

“வலி கீதா?”

“துளி வலி இல்லீங்க.”

“வலி இல்லல்ல? அப்ப சூடுதான். பயப்படாதீங்க.”

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் இன்னும் வேகமாக டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான்தான் டாக்டர். நெருஞ்சிக் கஷாயம், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்று எழுதாத சீட்டு ஒன்றைக் கொடுத்தேன். கூடவே விதிமுறையும் சொன்னேன். மூலிகைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. விடியறதுக்குள் போக வேண்டும், மன்னித்துக்கொள் தாயே என்று சொல்லிப் பிடுங்க வேண்டும், முக்கியமாகக் காலில் செருப்பு இருக்கக் கூடாது. செருப்புக் காலோடு பறித்த மருந்து பலிக்காது.

“சரிங்க சம்மந்தி” என்று அவர் வெறுங்காலோடு கீழே கரம்புக் காட்டுக்குப் போனார். விதிமுறை சொன்ன நான் போகவில்லை. விடிகாலையில் மலையில் குளிர் அதிகம்.

எட்டாம் நாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. அன்று என்னைப் பிடிக்க ஆளில்லை. டீக்கடையில் நான் பண்ணிய பிரசங்கத்தில் பால் பொங்கி அடுப்பே அணைந்தது. இந்த நோயில் ரத்தம் தானாகவே நிற்கும், தானாகவே திரும்பி வரும், அது குணமான அடையாளம் இல்லை என்று எனக்கு யார் சொல்ல? இருபது நாளில் திரும்பி வந்தது. “நெருஞ்சி பத்தல” என்று இரண்டு மடங்காக்கினேன்.

அப்படிக் கூடுதலாகப் பறிக்கப் போன மூன்றாம் நாள்தான் வேலிக்காத்தான் முள் ஒன்று அவர் வலது குதிகாலில் ஏறி உடைந்தது. அதற்கும் வைத்தியர் நானே. ஊக்கால் குடைந்து, என்னவோ வந்ததைப் பார்த்து, “முள்ளு வந்துடுச்சி” என்று தீர்ப்புச் சொல்லி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். மேல் தோல் மூடிக்கொண்டது. சில நாளில் தொடை இடுக்கில் உருண்டையாக நெறி கட்டியது. காலில் புண் வந்தால் நெறி கட்டுவது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்தது. மறுநாள் ரத்தம் கட்டிக்கட்டியாக வந்து அடைத்து, சிறுநீரே போகாமல் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். அருள்மணிதான் வண்டி பிடித்துப் போளூருக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனான். உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, மூத்திரப்பையில் வளர்ந்திருந்ததைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. பீடியா, தோல் கம்பெனிச் சாயமா என்று கேட்டார்கள். இரண்டும் என்று சொன்னோம். ஸ்கேனும் எடுத்தார்கள்.

ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல ஷோபனா டாக்டர் எங்களைக் கூப்பிட்ட அன்று துரைக்கண்ணுவோடு உள்ளே போனவன் நான். எங்களுக்கு முன்னால் போன ஒருவர், ஏதோ வேரை அரைத்துக் குடித்ததாகச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தார். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

டாக்டர் துரைக்கண்ணுவைப் படுக்க வைத்துத் தொடை இடுக்கை அழுத்திப் பார்த்தார். “கால்ல புண்ணு, அடி, முள் குத்தினது, அந்த மாதிரி ஏதாவது உண்டா?”

முள் என்றால் எங்கே நடந்தார் என்று கேட்பார். நெருஞ்சி வெளியே வரும். நெருஞ்சி வந்தால் நாற்பத்தெட்டு நாளும் வரும். நாற்பத்தெட்டு நாள் வந்தால் நான் வருவேன்.

“இல்லீங்க டாக்டரம்மா” என்றேன். “எப்பவும் செருப்பு போட்டுக்கினு நடக்கறவரு.”

துரைக்கண்ணு தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரிடம், “ஆமாங்க. சம்மந்தி சொல்றதுதான்” என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம்தான் விளக்கினார். “மூத்திரப்பையோட சுவருல சதை வரைக்கும் எறங்கியிருக்கு. அதோட நின்னிருந்தா ரெண்டாவது கட்டம். பையைத் தாண்டி வெளிய வந்திருந்தாலோ, இடுப்புக்குள்ள அதுக்குப் பக்கத்துல இருக்கிற நெறியில, அதாவது நிணநீர் முடிச்சுல, பரவியிருந்தாலோ மூணாவது. அதையும் தாண்டி தூரத்து நெறி, நுரையீரல், எலும்புன்னு போயிருந்தா நாலாவது.”

நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். துரைக்கண்ணுவுக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது.

“சாயம் மாதிரிங்களா டாக்டரம்மா? மேலயே நிக்குதா, உள்ள எறங்கிடுச்சான்னு நாங்க தோலை ஓரத்துல வெட்டிப் பாப்போம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அதேதான். நாங்களும் எடுத்துப் பாத்தாதான் முழுசா சொல்ல முடியும். ஸ்கேன் பாதிதான் சொல்லும். இப்ப பிரச்சனை இந்தத் தொடை இடுக்கு நெறி. இது கால்ல இருந்து வர்ற பாதையில இருக்கு, மூத்திரப்பைக்குப் பக்கத்து நெறி இல்ல. புற்றுநோய் இங்க வந்திருந்தா தூரத்துக் கணக்கு, நாலு. நாலுன்னா பையை எடுக்கிற ஆபரேஷனால பிரயோஜனம் இல்ல, மருந்தாலதான் ஓட்டணும். கால்ல புண்ணு இருந்தா அதனால வீங்கியிருக்கும்னு நெனைக்கலாம். அதான் இல்லங்கறீங்களே.” செவ்வாய்க்கிழமை அந்த நெறியில் ஊசி குத்திப் பார்க்கலாம், ஆனால் ஊசியிலும் சில சமயம் தெளிவாக வராது என்றார்.

ஒரே வார்த்தைதான். “முள்ளு குத்திச்சிங்க” என்றால் முடிந்தது. நாக்கு எழும்பவில்லை. பல்வலிக்கும் மாட்டுக்கும் எழும்பிய அதே நாக்கு. எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினோம். மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. துரைக்கண்ணு வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த நடையைப் பார்த்த பிறகு கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“சம்மந்தி, அந்த முள்ளு…”

“சொல்லுங்க.”

“இன்னும் உள்ளதான் கீதா?”

“கீது போலதாங்க. மிதிச்சா சுருக்குங்குது.”

“அப்ப டாக்டரம்மாகிட்ட நான் இல்லன்னு சொன்னப்ப நீங்க ஏன் வாயத் தொறக்கல?”

அவர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். “நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்க. நான் உண்டுன்னு சொன்னா, அவ்ளோ பெரிய டாக்டர் எதிர்ல உங்களைப் பொய்யனாக்கறாப்புல ஆயிடுமே.”

“யோவ், உசுரு போற விசயம்யா!” சம்பந்தியை ‘யோவ்’ என்றது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான்.

“எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அன்பரசி உங்க வூட்ல வாழணும். மாசமா வேற கீறா. நான் நாளைக்கு இருப்பேனோ இல்லியோ, அவளுக்கு நீங்கதான இருக்கப் போறீங்க. உங்க மனசு கோணலாமா?”

நான் என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன். என் மானத்தைக் காப்பாற்ற இந்த மனுஷன் நாலாவது கட்டத்தையே ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார், சாம்பாரில் உப்பு கம்மி என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

“எழுந்திருங்க” என்றேன்.

“பஸ்ஸு வந்துடுச்சிங்களா?”

“மலை பஸ்ஸு இல்ல. திரும்பப் போறோம்.”

திரும்ப பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், சாயங்காலம் டாக்டர் கிளம்புகிற நேரத்தில் மறித்தோம். நெருஞ்சி, செருப்பு, முள், ஊக்கு, சுண்ணாம்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்றார்.

“அஞ்சாவதுங்க.”

“நல்லவேளை. ஆறாவதும் படிச்சிருந்தா உங்க ஊர்ல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க.”

நர்ஸ் சிரித்தார், வாட்ச்மேன் சிரித்தார். துரைக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. “சம்மந்தி நல்லதுக்குத்தாங்க சொன்னாரு” என்றார். அதைக் கேட்டதும் டாக்டரும் சிரித்துவிட்டார்.

குதிகாலைக் கீறினார்கள். சீழும், கூடவே நகத்தளவு முள் நுனியும் வந்தது. நான் ‘வந்துடுச்சி’ என்று தீர்ப்புச் சொன்ன அதே முள். செவ்வாய்க்கிழமை ஊசி குத்திப் பார்த்ததில் புற்றுநோய் செல் எதுவும் இல்லை, வெறும் புண் நெறிதான் என்று வந்தது. மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரத்தில் அந்த நெறி வற்றியது. நாலு இல்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சுந்தரம்மாள் சொன்னாள்: “மருந்து சொல்லிக் கெடுத்தது ஒரு வாயி, பொய்யி சொல்லிக் கெடுத்தது ஒரு வாயி. ரெண்டும் ஒரே மூஞ்சியில கீதே, அதான் ஆச்சரியம்.”

ஆனியில் ஆபரேஷன். மூத்திரப்பையையும் இடுப்புக்குள் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். இனிமேல் சிறுநீர் வயிற்றில் ஒட்டிய ஒரு பையில்தான் சேரும். மூன்றாம் நாள் அவர் இன்னும் படுக்கையில் இருக்கும்போதே அன்பரசிக்குப் பிரசவமாயிற்று. நான் போனில் பேத்தியின் படத்தைக் காட்டினேன். மூக்கை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக்கான முதல் “ஆமாங்க சம்மந்தி”யை அன்றுதான் வாங்கினேன்.

பத்து நாள் கழித்து, எடுத்த நெறிகளின் பரிசோதனை முடிவு வந்தது. “பத்தொன்பது நெறி எடுத்துப் பாத்தோம்” என்றார் டாக்டர். “பதினெட்டு சுத்தம். ஒண்ணுல இருக்கு. ஸ்கேன்ல அது சாதாரணமாத்தான் தெரிஞ்சிது. அதனால ரெண்டு இல்ல, மூணு.”

நாங்கள் பயந்த நெறியில் ஒன்றும் இல்லை. யாரும் சந்தேகப்படாத இன்னொன்றில் இருந்திருக்கிறது. துரைக்கண்ணு, “ஒரு ஓரத்துல மட்டும் எறங்கியிருக்குது. முழுத்தோலும் இல்ல” என்றார். நாலு தடவை மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் மாதக்கணக்கு வைத்து ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

துரைக்கண்ணுவை வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்று கேட்டேன். “டாக்டரம்மா, என் நாப்பத்தெட்டு நாள்லதான் அந்த ஒண்ணுக்குப் போச்சா?”

அவர் திட்டவில்லை. “அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க” என்றார். திட்டியிருக்கலாம். சொல்ல முடியாது என்பதில் ‘ஆமாம்’ என்பதற்கும் இடம் இருக்கிறது. அது என் குதிகாலில் உடைந்து நிற்கிறது, அதை எடுக்க ஊக்கு இல்லை.

அதனால் துரைக்கண்ணுவுக்கு ஒரு விதி போட்டேன். என் கடைசி மருந்துச் சீட்டு அது. “தினமும் ஒரு தடவையாவது எனக்கு ‘இல்ல’ன்னு சொல்லணும் சம்மந்தி.”

“சரிங்க சம்மந்தி” என்றார்.

“இல்ல, ‘சரி’ன்னு சொல்லக் கூடாது. ‘இல்ல’ன்னு சொல்லணும்.”

“சரிங்க.”

பழக்கிப் பார்த்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் இன்னும் ரெண்டு களி உருண்டை வைக்கட்டுமா என்றேன். “வைங்க” என்று வாங்கித் திணறித் தின்றார். மத்தியான வெயிலில் மழை பெய்கிறது என்றேன். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தாண்ட பெய்யுது போல” என்றார். மருந்து ஏற ஏற முடி கொட்டியது, வாய் கசந்தது, அந்தக் குணம் மட்டும் கொட்டவில்லை. பேத்தி மடியை நனைத்தால், “எனக்குப் பை கட்டி வுட்டாங்க, உனக்குக் கட்டல பாரு” என்று அவளோடு மட்டும் சண்டை போடுவார். நான் பக்கத்தில் போனால், “மூக்கு உங்களுதுதாங்க” என்று கேட்காமலே கொடுத்துவிடுவார்.

இன்று நாலாவது மருந்து. கடைசி. அதற்காகத்தான் காலையில் அந்த பஸ்ஸில் ஏறினோம். இந்த மருந்தோடு முடிகிறதா, இன்னும் இருக்கிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நல்ல செருப்புப் போட்டிருந்தார், நான் வாங்கிக் கொடுத்தது.

கண்டக்டர் பொறுமையாகத்தான் நின்றார். “மூக்கு இருக்கட்டும் பெரியவரே, டிக்கெட் எங்க வரைக்கும்?” என்றார். நான் விடவில்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டி, “நீங்களே சொல்லுங்க. இது எங்க வூட்டு மூக்குதான? எங்க சம்மந்தியைக் கேளுங்க, அவரே ஒத்துக்கறாரு” என்றேன்.

முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார். போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“இல்லீங்க சம்மந்தி. மூக்கு எங்க அம்மாவோடது. காது வேணா உங்களுது, வச்சிக்குங்க.”